வெள்ளகவிப் பாதையில் ஆறு நாள்

டிசம்பர் 22, 2018, சனி. வட்டக்கானல்

"சும்மா கிளை பொறுக்கிப் போடுற வேலைதான் மாமா, வாங்க" என்று அக்கா மகன் சொன்னதை நம்பிக் கிளம்பியது என் தப்பு. எனக்கு நாற்பத்தேழு வயது. மதுரையில் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். வருஷம் முழுக்க நான் தூக்குகிற பெரிய பாரம் தண்ணீர் கேன்தான். அவனும் கல்லூரிச் சிநேகிதர்கள் எட்டுப் பேரும் கொடைக்கானல் மலையில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற ஊருக்கு இறங்குகிற நடைபாதை கஜா புயலில் கெட்டுப்போனதாம், அதைச் சரிசெய்யப் போகிறார்களாம். ஊர்க்காரர்கள் சேர்ந்துகொள்வார்களாம். அனுமதியும் வாங்கியாகிவிட்டதாம். எனக்கும் கிறிஸ்துமஸை ஒட்டி விடுமுறை இருந்தது. சரி என்றேன்.

நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, டெல்டாவில் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டு அன்றைக்கே திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. செய்திகளில் தென்னைதான் வந்தது, வரவேண்டியதும் அதுதான். கடலுக்கு இத்தனை தூரத்தில் இருக்கிற மலைக்கு என்ன ஆகியிருக்கப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டம்டம் பாறையைத் தாண்டியதும் தெரிந்தது. சாலையின் இரண்டு பக்கமும் அறுத்துத் தள்ளிய மரத்துண்டுகள் கிடந்தன. ஐந்து வாரம் ஆகியும் பேருந்துக்குள் ஈர மரவாசனை வந்தது. வத்தலக்குண்டில் பூண்டு விற்றுவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு எனக்கு இரண்டு கமலா ஆரஞ்சு கொடுத்தார். "ஒரு வாரத்துக்கு மேல கரண்டு இல்ல தம்பி. செல்லுல சார்ஜ் இல்லாம, உசுரோட இருக்கோம்னு சொல்லக்கூட முடியல. மக மெட்ராஸ்ல அழுதுக்கிட்டு இருந்திருக்கா" என்றார்.

வட்டக்கானலில் அறைக்கு 800 ரூபாய் என்று போனில் பேசியிருந்தோம். போய் இறங்கியதும் 1,500 என்றார்கள். "சீசன் சார்." ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அட்டை வைத்து ஒட்டியிருந்தது. புயலில் போனதாம். கண்ணாடிக்கும் சேர்த்து எங்களிடமே வசூலிக்கிறார்கள் என்று பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த அட்டைக்குப் பக்கத்துக் கட்டில் எனக்கு.

இஸ்ரேல்காரர்கள் நிறைய வந்து தங்குகிற இடம் இது. சாப்பாட்டுக் கடைப் பலகையில் ஹீப்ரு எழுத்து. உள்ளே ஹம்மூஸ், பீட்டா ரொட்டி, தக்காளியில் முட்டையை உடைத்து ஊற்றிய ஷக்ஷூகா. அதற்கு 180 ரூபாய். எதிர்த்த பெட்டிக்கடையில் பிரெட் ஆம்லெட் 40, டீ 10. நான் எந்தப் பக்கம் போயிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. "ஜனவரி ஒண்ணுல இருந்து கவர் கிடையாதாம்ல, முறுக்கை எதுல கட்டித் தர்றது?" என்று கேட்டுக்கொண்டே பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார் கடைக்காரர்.

டிசம்பர் 23, ஞாயிறு. மரம்

காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது மாதிரி உறைபனி. ஷூ புதிது. அதைப் பற்றிப் பிறகு.

ஊரிலிருந்து ஆறு பேர் ஏறி வந்திருந்தார்கள். கூடவே வனக் காவலர் ஒருவர், இயந்திர ரம்பத்தோடு ஓர் அண்ணன். டால்பின் மூக்குப் பாறைக்குப் போகிற வழியிலேயே வேலை ஆரம்பித்துவிட்டது. கிடந்ததில் பெரும்பாலும் வாட்டில் மரம். நீலகிரிப் பக்கம் சீகை என்பார்கள். தோல் பதனிடும் பட்டைக்காக வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பிறகு தோட்டம் தோட்டமாக நட்டுப் பெருக்கினார்கள். இப்போது நடாமலே பெருகுகிறது. வேர் ஆழம் போகாது. மல்லாந்து கிடந்த மரங்களின் வேர்ப்பக்கம் பெரிய தோசைக்கல்லை நிமிர்த்தி வைத்தது போல வட்டமாக, தட்டையாக நின்றது. பக்கத்திலேயே நாவல் மரங்களும் மற்ற சோலை மரங்களும் கிளை முறிந்தாலும் நின்ற இடத்தில் நின்றன.

மரம் அறுப்பது ரம்பத்தின் வேலை என்று நினைத்திருந்தேன். அந்த அண்ணன் ரம்பத்தை இயக்கும் முன் ஒவ்வொரு மரத்தையும் நாலு பக்கமும் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், கையால் தட்டினார். "விழுந்த மரம் செத்த மரம் இல்ல சார். வில்லு மாதிரி விறைச்சுக்கிட்டுக் கிடக்கும். எந்தப் பக்கம் நசுங்குது, எந்தப் பக்கம் இழுக்குதுன்னு பார்க்கணும். நசுங்குற பக்கம் முதல்ல கொஞ்சம் அறுத்துட்டு, அப்புறம்தான் இழுக்குற பக்கம். மாத்தி அறுத்தா ரம்பத்தைக் கவ்விக்கும், இல்ல ஆளை அடிச்சுரும்." வேர்க்குழிப் பக்கம் ஒருவரையும் நிற்க விடவில்லை. ஏன் என்று மத்தியானம் கண்ணால் பார்த்தேன். தண்டை அறுத்துப் பாரம் விலகியதும், அத்தனை பெரிய வேர்த்தட்டு மெதுவாக முனகிக்கொண்டே எழுந்து, தன் குழிக்குள் போய் நேராக உட்கார்ந்தது. மொட்டை அடிக்கட்டை ஒன்று ஒன்றுமே நடக்காத மாதிரி நிமிர்ந்து நின்றது. அந்தக் குழிக்குள் யாராவது இருந்திருந்தால் என்ற நினைப்பு ராத்திரி வரைக்கும் போகவில்லை.

நாங்கள் துண்டுகளை உருட்டித் தள்ள, சுற்றுலா வந்தவர்கள் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவுங்க தர்றாங்க?" என்று கேட்டார். ஒன்றும் தருவதில்லை என்றேன். பாவமாகப் பார்த்துவிட்டு ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குள் பதினாலு மரம் தீர்ந்தது. அவ்வளவுதான், ஊருக்குப் போகலாம் என்றே நினைத்தேன். அரை மணி நேரம் கீழே கூட்டிப்போய் ஓர் இடத்தைக் காட்டினார்கள். ஒரு மரம் வேரோடு சரியும்போது ஓரத்துக் கல்லுக்கட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருந்தது. இருபது அடிக்குப் பாதையே இல்லை. ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு கடந்த தடம் மட்டும் இருந்தது. "குதிரை எப்படி வருது?" என்றேன். "வரல. ஒரு மாசமா அரிசியெல்லாம் தலைச்சுமைதான்" என்றார் குதிரைக்காரர்.

டிசம்பர் 24, திங்கள். கல்

இந்த நாளைப் பற்றி நிறைய எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல் வேலைக்குக் கீழேயிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். எழுபது தாண்டியிருக்கும். வெறுங்கால், தலையில் கம்பளித் தொப்பி. முதலில் சரிவில் இறங்கி, உருண்டு போன கற்களை மேலே ஏற்றச் சொன்னார். அதிலேயே பத்து மணி ஆகிவிட்டது. அப்புறம் அடி தோண்டல். "வேரு தெரியிற மண்ணுல கல்லை வைக்கக்கூடாது. கடப்பாரை ணங்குன்னு சொல்லணும்" என்றார். முழங்கால் ஆழம் போயும் சொல்லவில்லை. இடுப்பளவு வந்தபோது சொன்னது. அடிமட்டத்தையும் சமமாக விடவில்லை, மலைப் பக்கம் சற்றுத் தாழ்வாகச் சரித்தார்.

பெரிய கற்கள் அடியில் இறங்கியதும் மேலே அடுக்குவதற்கு ஆளுக்கு ஓர் இடம் பிரித்துக் கொடுத்தார். எனக்கு மூன்றடி. கணக்குக்காரன் அல்லவா, வரிசை தப்பாமல், வெளிமுகம் ஒரே மட்டமாக, சுவர் மாதிரி அடுக்கினேன். பையன்கள் படம்கூட எடுத்தார்கள். பெரியவர் வந்தார், பார்த்தார், கால் கட்டைவிரலால் ஒரு கல்லை அமுக்கினார். ஆடியது. அடுத்ததை அமுக்கினார். அதுவும் ஆடியது. ஒரு வார்த்தை பேசாமல் கடப்பாரையை எடுத்து மூன்றடியையும் பிரித்துப் போட்டார்.

"அழகாத்தான் இருக்கு தம்பி. முகத்துக்குப் பவுடர் போட்டிருக்கீங்க."

நீளமான கற்களை எல்லாம் நான் வெளிமுகத்தோடு படுக்க வைத்திருந்தேன். அப்படி வைத்தால் குறைந்த கல்லில் நிறைய தூரம் போகும், வேலை சீக்கிரம் முடிந்த மாதிரி தெரியும். அவர் ஒவ்வொரு கல்லாகத் திருப்பி வைத்துக் காட்டினார். நீளம் மலைக்குள்ளே போகணும், நுனி மட்டும் வெளியே தெரியணும். ஒரு கல் கீழே இரண்டு கல்லின் மேல் உட்காரணும், சந்துக்கு மேல் சந்து வரக்கூடாது. மேலே போகப் போகக் கட்டு மலையின் மேல் சாய்ந்துகொள்ளணும். பின்னால் இருக்கிற பள்ளத்தை மண் போட்டு நிரப்பக்கூடாது, கல் சில்லுதான். "மண்ணு தண்ணி குடிச்சுட்டு வீங்கும், முன்னாடி இருக்குறவனைத் தள்ளும். சில்லு குடிக்காது, விட்டுடும்."

பையன்களில் ஒருவன் பொறியியல் படிக்கிறவன். "தாத்தா, ரெண்டு மூட்டை சிமெண்ட் இருந்தா இன்னும் கெட்டியா நிக்குமே?" என்றான்.

"அது தண்ணியைப் புடிச்சு வச்சுக்கும்பா. அப்புறம் மொத்தமாச் சேர்ந்து விழும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு மூட்டையை நீ தூக்கிட்டு வருவியா?" என்றார்.

பொழுது சாயும்போது எட்டடி முடிந்திருந்தது. அதில் என் பங்கு இரண்டு கல். இரண்டாவதை நான் வைத்ததும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "ம்" என்றார். நான் வாங்கிய சம்பளம் அதுதான்.

இன்று இரவு வெள்ளகவியில் தங்கல். இறங்க இரண்டரை மணி நேரம் ஆனது, கடைசி அரை மணி டார்ச் வெளிச்சத்தில். ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். ஊருக்குள் யாரும் போடுவதில்லை, பெரியவரின் வெறுங்கால் அப்போதுதான் புரிந்தது. திரும்பின இடமெல்லாம் கோயில், அவற்றுக்கு நடுவே வீடு. இது எங்களுக்கு மட்டும் கடைக்கோடி ஊர். 1821-ல் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவைக்காரர் இங்கே தங்கி, இங்கிருந்து ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் இருக்கிற இடத்தை அளக்கப் போனார். அப்போது மேலே ஏரியும் இல்லை, பங்களாவும் இல்லை. ஏரியை உண்டாக்கியதே 1863-ல்தான். சாலை இல்லாத ஊர் என்கிறோம், அதற்கு மேலே இருக்கிற நகரத்துக்கே பாதை இதுவாக இருந்தது ஒரு காலம்.

ஒரு வீட்டில் பத்துப் பேருக்கும் சோறு, மொச்சைக் குழம்பு, சுட்ட அப்பளம். சொந்தக் காட்டுக் காப்பிக்கொட்டையை வறுத்து இடித்து, வெல்லம் போட்டுக் கடுங்காப்பி. படுக்கும்போது ஒரு சீப்பு மலை வாழைப்பழம். எவ்வளவு தரணும் என்று கேட்டதற்கு அந்த அக்கா, "நீங்க கல்லு சொமந்ததுக்கு நாங்க எவ்வளவு தரணும்?" என்று திருப்பிக் கேட்டார். காலையில் அரிசிப் பானைக்கு அடியில் 500 ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 25, செவ்வாய். தண்ணீர்

விடியும்போதே தூறல். கீழே பெரியகுளம் பக்கமிருந்து, மாதா கோயில் ஒலிபெருக்கியாக இருக்கும், பாட்டு விட்டு விட்டுக் கேட்டது. மழையில் வேலை இருக்காது என்று போர்வையை இழுத்தேன். பெரியவர் வாசலில் நின்றார். "இன்னிக்குத்தான் வேலையே. தண்ணி எங்க போகுதுன்னு வெயில்ல எப்படித் தெரியும்?"

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாதையோரமாக நடக்கவிட்டார். ஒரு மணி நேரம் ஒருவரும் எதையும் தொடவில்லை, தண்ணீரை மட்டும் பார்த்தோம். காலும் குளம்பும் மிதித்து மிதித்துப் பாதையின் நடு பள்ளமாகி, ஓரம் வரப்பு மாதிரி உயர்ந்திருந்தது. மலைச்சரிவிலிருந்து வருகிற தண்ணீர் பாதையைக் கடந்து மறுபக்கம் இறங்க வேண்டியது. அந்த வரப்பு மறிப்பதால் பாதையிலேயே திரும்பிக் கீழ்நோக்கி ஓடியது. முந்தின காலத்தில் வெட்டிவைத்த வடிகால்கள் இருந்தன, ஆனால் புயலில் உதிர்ந்த இலையும் கிளையும் அத்தனையையும் அடைத்துவிட்டன. காற்று அடித்தது ஒரு நாள். அதற்கப்புறம் பெய்த மழையெல்லாம் பாதையை ஓடையாக்கி மண்ணை அரித்துக் கல்லைப் பெயர்த்திருக்கிறது. நாங்கள் முதல் நாள் ஆவேசமாக அறுத்துத் தள்ளிய பதினாலு மரம் இதில் கால்வாசி வேலைகூட இல்லை. படம் எடுக்க மட்டும் அதுதான் நன்றாக இருந்தது.

எனக்குக் கொடுத்த இடத்தில் பாதைக்கு நேர் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டினேன். ஒரு மணி நேரத்தில் அது மண் மூடிப் போயிற்று. பெரியவர் மண்வெட்டியை வாங்கிப் பக்கத்திலேயே சாய்வாக ஒன்று கீறினார். நேர் குறுக்கே போனால் தண்ணீர் முட்டி நிற்கும், நின்றால் சுமந்து வந்த மண்ணை இறக்கி வைத்துவிடும். சாய்வாகப் போனால் ஓடுகிற வேகத்திலேயே மண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கீழ்ப்பக்கம் ஒரு வரிசைக் கல்லைப் பாதிக்கு மேல் மண்ணுக்குள் புதைத்து அணை கொடுத்தோம். வெளியே விழுகிற வாயை அகலமாக்கி அங்கேயும் கல் பரப்பினோம், இல்லாவிட்டால் விழுகிற இடத்தில் குழி பறித்துக்கொண்டு மேலே ஏறி வருமாம். செங்குத்தான இடத்தில் நெருக்கமாக, சமமான இடத்தில் தள்ளித் தள்ளி. சாயங்காலத்துக்குள் பதினோரு இடம்.

நடைக்காரர்கள் வளைவுகளில் சுற்றாமல் நேராக இறங்கிப் போட்ட குறுக்குத் தடங்கள்தான் தண்ணீருக்கு ராஜபாட்டை. அவற்றை முள்ளும் வாட்டில் கிளையும் போட்டு அடைத்தோம். இரண்டு வருஷம் முன்பு ஒரு சுற்றுலாவில் நானே அப்படி ஒரு தடத்தில் இறங்கியிருக்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை.

அட்டை ஏழு கடித்தது. எட்டாவது காதுக்குப் பின்னால். புதுச் ஷூ கொடுத்த கொப்புளம் உடைந்ததால் பாதி நாள் செருப்பில்லாமல் வேலை செய்தேன். ஈர மண்ணில் அது எவ்வளவோ மேல். மத்தியானம் தூரத்துச் சோலையில் கருமந்திகள் ஊளை மாதிரி கத்திக்கொண்டே இருந்தன. காட்டுமாட்டுச் சாணம் ஒன்று ஆவி பறக்க வழியில் கிடந்தது. மாட்டைப் பார்க்கவில்லை, பார்க்காததில் வருத்தமும் இல்லை.

டிசம்பர் 26, புதன்

மிச்சமிருந்த பன்னிரண்டடியை அடுக்கிக்கொண்டிருந்தோம். பதினோரு மணி இருக்கும், கீழேயிருந்து "வழி, வழி" என்று குரல் வந்தது. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கி வந்தார்கள். கூடவே மாற்று ஆள் நாலு பேர். உள்ளே ஒரு தாத்தா, ராத்திரியிலிருந்து நெஞ்சு வலியாம். முகம் தெரியவில்லை, போர்வைக்கு வெளியே ஒரு கை மட்டும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னால் மகள், பையில் பிளாஸ்க்.

கட்டு இன்னும் முழுசாக முடியவில்லை. பெரியவர் அதன் மேல் ஏறி நின்று ஒரு தரம் குதித்துப் பார்த்தார். அப்புறம் "வாங்க" என்றார். ஒவ்வொருவராக, தோள் மாற்றாமல், எங்கள் கல்லின் மேல் கடந்து போனார்கள். நாங்கள் மலைப் பக்கம் முதுகை ஒட்டி நின்றோம். மேலே வட்டக்கானல் வரைக்கும் அப்படியே ஏற வேண்டும், அங்கிருந்துதான் வண்டி.

முந்தின ராத்திரி பையன்களில் ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான், இந்தப் பாதைக்குத் தார் ரோடு மட்டும் வந்துவிடவே கூடாது, வந்தால் எல்லாம் போச்சு என்று. நானும் தலையாட்டியிருந்தேன். வீட்டுக்கார அக்கா மட்டும் பதில் சொல்லாமல் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். ரோடு வந்தால் காடு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும், வட்டக்கானலில் வண்டி நிற்க இடமில்லாததைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் அதைச் சொல்கிற உரிமை ஆறு நாள் வந்துபோகிறவனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஒன்றும் தேறவில்லை.

நாலு மணிக்கு வேலை முடிந்தது. குதிரைக்காரர் முதல் குதிரையைக் கூட்டி வந்தார். முதுகில் ஒரு சிலிண்டரும் ஒரு மூட்டை அரிசியும். அது கட்டின் முனையில் நின்று புதுக் கல்லை முகர்ந்து பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி முகர்ந்தது. அவர் அடிக்கவில்லை, இழுக்கவும் இல்லை. ஒரு பீடி முடிகிற நேரம் நின்றார். அது தானாக நடந்து போயிற்று.

டிசம்பர் 27, வியாழன். பெரியகுளம்

மேலே ஏற எனக்குத் தெம்பில்லை. பையன்களும் நானும் கும்பக்கரைக்கு இறங்கினோம். ஏறுவதைவிட இறங்குவது சுலபம் என்று சொன்னவருக்கு முழங்கால் கிடையாது. காப்பித் தோட்டம் முடிந்து, குளிர் போய், ஸ்வெட்டரைக் கழற்றி, சட்டை நனைந்து, கடைசியில் காய்ந்த முள்காடும் மாந்தோப்பும். உறைபனியில் விழித்து நாலே நாளில் வேர்க்குரு வந்துவிட்டது.

பெரியகுளத்தில் ஆளுக்கு நாலு பரோட்டா, சால்னா. என் உள்ளங்கையில் இருந்த காய்ப்பைப் பார்த்து சப்ளையர், "எந்த சைட்டுல வேலைண்ணே?" என்றார். இந்த முறை நான் விளக்கவில்லை. "மேல" என்றேன். சால்னா இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பொங்கல் முடிந்து குதிரைக்காரருக்குப் போன் செய்தேன். அந்தத் தாத்தா பிழைத்துக்கொண்டாராம், வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

"எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"என் குதிரையிலதான்."

"கட்டு எப்படி இருக்கு?"

"எந்தக் கட்டு?" என்றார். அப்புறம், "ஓ, அதுவா. அதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே."